காணாமல் போன ஐம்பத்தொன்று

"அண்ணி, ஐம்பத்தொரு ஜி.பி. திருடு போச்சாமே. அது எவ்வளவு கனம் இருக்கும்? திருடன் ஆட்டோ பிடிச்சிருப்பானா, லாரி பிடிச்சிருப்பானா?"

ஸ்கூட்டரை ஓரங்கட்டிக்கொண்டே வெடி கேட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"உன் வாயை விடக் கனம் கம்மிதான் தம்பி. நட."

வெடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் ஏதாவது ஒன்று வெடிக்கும் என்பதால் ஊர் வைத்த பெயர். பஸ் கண்டக்டராக இருந்தபோது படியில் தொங்கிய ஒருவரிடம் "இறங்கி ஓடி வாங்க சார், அதுதான் வேகம்" என்று சொல்லப் போக, அவர் போக்குவரத்துத் துறையின் பெரிய அதிகாரியாக அமைந்துவிட்டார். அன்றோடு விசில் பறிபோனது. நாற்பது வயதில் வேலையில்லாமல் நின்றவனை அண்ணன் மனைவிதான் உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள்.

அண்ணி எடையளவு ஆய்வாளராக இருந்தவள். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம். எடைக்கல்லின் அடியைக் குடைந்திருப்பவன், தட்டுக்கு அடியில் காந்தத்தை ஒளித்திருப்பவன் எல்லாரையும் பார்த்துச் சலித்துவிட்டு, "இனி மனுஷங்களை எடை போடலாம்" என்று துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டாள்.

அன்றைக்கு அவர்களை அழைத்தது ஒரு படக் கம்பெனி. காட்டு விலங்குகளைப் பற்றிப் படம் எடுக்கிற கம்பெனி. முதலாளியம்மாவின் அறைச் சுவரில் கரடி, முதலை, கழுகு எல்லாம் சட்டம் போட்டு மாட்டப்பட்டு, உள்ளே வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தன. முதலாளியம்மா தலைமேல் ஏற்றி வைத்த கண்ணாடியை மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு மேடம்," என்றான் வெடி.

"ஓ!" கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "ரெண்டு நாளா மூளையே வேலை செய்யல. நீங்கதான் துப்பறியறவரா?"

"நான் துப்பறிய மாட்டேன் மேடம், துப்பு கிடைச்சா எடுத்துக் கொடுப்பேன். அறியறது இவங்க," என்று அண்ணியைக் காட்டினான்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல வெடியின் சிரிப்பும் அடங்கியது.

நீர்நாய்களைப் பற்றிய படம். மூன்று வருட உழைப்பு. படப்பிடிப்புக் குழு சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்து எடுத்தது. அதில் ஒரு காட்சி உண்டு. வெள்ளம் வந்து வளை மூழ்குகிறது. தாய் நீர்நாய் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டு ஆற்றைக் கடக்கிறது. உலகத்தில் யாரும் அதுவரை எடுக்காத காட்சி. அதை நம்பித்தான் ஒரு பெரிய டி.வி. சேனல் படத்தை ஒப்பந்தம் செய்திருந்தது. போன வாரம் போட்டிக் கம்பெனி ஒன்று தன் புதுப் படத்துக்கு விளம்பரம் வெளியிட்டது. அதில் அதே ஆறு, அதே வெள்ளம், அதே தாய்!

"உள்ளே இருந்துதான் போயிருக்கு," என்றார் முதலாளியம்மா. "எடிட்டர் வேலையை என் தங்கச்சி மகதான் பாக்கறா. என் இடுப்புல உக்காந்து வளந்தவ. படம் முழுக்க அவ மெஷின்ல இருக்கு. அவ முன்னாடியே ஒரே நாள்ல ரெண்டு டிஸ்க்ல காப்பி போட்டோம். ஒண்ணு அவகிட்ட, ஒண்ணு மேனேஜர்கிட்ட. அன்னிக்கு அவ மெஷின்ல எழுநூத்தம்பது ஜி.பி.ன்னு காட்டிச்சு. விளம்பரத்தைப் பாத்ததும் ரெண்டு டிஸ்க்கையும் இங்க வரவழைச்சேன். மேனேஜரோடதை என் மெஷின்ல போட்டோம். சரியா எழுநூத்தம்பது. அவளோடதைப் போட்டோம்..."

மிச்சத்தை வேறொரு குரல் முடித்தது.

"அறுநூத்தித் தொண்ணூத்தெட்டு, மேடம்."

தேனைத் தடவி வைத்தது போன்ற குரல். மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். இஸ்திரி கலையாத கோட், சாயம் கலையாத தலைமுடி. அவர் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

"நான் அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. நம்பர் சொல்லுது. ஐம்பத்தொண்ணு, ஐம்பத்திரண்டு ஜி.பி. குறையுது. அந்த வெள்ளக் காட்சி உள்ளே இருக்குன்னு காட்டினா. இருக்கலாம். வேற என்னென்ன எடுத்தாளோ? நாலாயிரம் துண்டு இருக்கு, யார் எண்ணிப் பாக்கறது?"

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"மெஷினுக்கு மெஷின் கணக்கு மாறும்னா," என்றார் முதலாளியம்மா. "அப்படின்னா மேனேஜர் டிஸ்க் மட்டும் இதே மெஷின்ல எப்படிடி எழுநூத்தம்பது காட்டுதுன்னு கேட்டேன். வாயடைச்சு நின்னா. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். நாளைக்குள்ள யாருன்னு தெரியலேன்னா சேனல்காரங்க ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடுவாங்க. நான் போலீஸ்ல அவ பேரைத்தான் கொடுக்கணும். அப்புறம் எந்தக் கம்பெனியும் அவளை வாசல்ல கூட நிக்க விடாது."

அண்ணி மேனேஜர் பக்கம் திரும்பினாள். "உங்க டிஸ்க்கைக் காப்பி போட்ட அப்புறம் எங்கேயாவது சொருகினீங்களா சார்?"

"சேச்சே! லாக்கர்ல வச்சது வச்சபடி. தொட்டுக்கூடப் பாக்கல."

"எதையும் சேர்க்கல, எடுக்கல?"

"சத்தியமா."

"பெத்த பிள்ளையைக்கூட இவ்வளவு பத்திரமா யாரும் வச்சிருக்க மாட்டாங்க சார்," என்றான் வெடி. மேனேஜர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

அண்ணி அலமாரியைப் பார்த்தாள். அதே ரக டிஸ்க்குகள் பிரிக்காத பெட்டியில் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, முதலாளியம்மாவிடம் கேட்டுவிட்டு, சீலை உடைத்தாள். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் ஆயிரம் ஜி.பி. என்று போட்டிருந்தது. முதலாளியம்மாவின் மெஷினில் சொருகினாள். ஒன்றுமே இல்லாத புது டிஸ்க். திரையில் மொத்தக் கொள்ளளவு தொள்ளாயிரத்து முப்பத்தொன்று என்று வந்தது.

வெடி துள்ளிக் குதித்தான். "அண்ணி! இதுல அறுபத்தொம்பது போச்சு! சீலை உடைக்கறதுக்கு முன்னாடியே திருடியிருக்கான். இவன் பலே கில்லாடி!"

மேனேஜர் தாராளமாகச் சிரித்தார். "அதெல்லாம் தயாரிக்கிறவன் தனக்குன்னு கொஞ்சம் வச்சுக்குவான் தம்பி. கல்யாண வீட்டுல சமையல்காரன் சாப்பிடற மாதிரி."

"அப்படியா?" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். காலி டிஸ்க்கையும் அதன் பெட்டியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எடிட்டர் பெண் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள் என்பதைவிடப் பாத்திரங்களோடு சண்டை போட்டாள் என்பது பொருந்தும். மூன்று மாடி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. முப்பது வயதுக்குள் இருப்பாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அழுத கண்ணா, கோபத்தில் சிவந்த கண்ணா என்று வெடியால் தீர்மானிக்க முடியவில்லை.

"பெரியம்மா அனுப்பிச்சாங்களா? வீட்டைச் சோதனை போடணுமா? போடுங்க. கட்டிலுக்கு அடியில ஒரு நீர்நாய் இருக்கும், பாத்து, கடிச்சிடப் போகுது!"

"இந்தப் பொண்ணு திருடி இல்ல அண்ணி," என்று வெடி காதோரம் கிசுகிசுத்தான். "நம்ம ஜாதி. வாய் இருக்கு."

அண்ணி காலி டிஸ்க்கை நீட்டினாள். "சோதனை ஒண்ணே ஒண்ணுதாம்மா. இதை உன் மெஷின்ல சொருகு."

கையைத் துடைத்துவிட்டு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். டிஸ்க்கைச் சொருகினாள். திரையில் ஆயிரம் ஜி.பி. என்று வந்தது, பெட்டியில் போட்டிருந்தபடியே.

வெடி திரையைப் பார்த்தான். டிஸ்க்கைப் பார்த்தான். "ஸ்கூட்டர்ல வரும்போது அறுபத்தொம்பதும் திரும்பி வந்துடுச்சா? மனசாட்சியுள்ள திருடன்!"

"அதைத்தானே ரெண்டு நாளா கத்தறேன்!" எடிட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கம்ப்யூட்டருக்கு இரட்டிப்புதான் தெரியும். ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. அப்படியே போனா ஆயிரத்து இருபத்துநாலுல வந்து நிக்கும். அந்தக் காலத்துல பாத்தாங்க, ஆயிரத்துக்குப் பக்கத்துல இருக்கேன்னு அதையும் 'கிலோ'ன்னு கூப்பிட்டுட்டாங்க."

"சித்தப்பா பையனை அண்ணன்னு கூப்பிடற மாதிரி," என்றான் வெடி.

"அதேதான். சின்ன அளவுல வித்தியாசம் பெரிசா தெரியல. ஆயிரத்துக்கு இருபத்துநாலு. ஆனா கிலோவுல இருந்து மெகாவுக்குப் போனா மறுபடி ஒரு பெருக்கல், ஜிகாவுக்குப் போனா இன்னொரு பெருக்கல். மாடி ஏற ஏற இடைவெளி பெருகும். ஜி.பி.க்கு வரும்போது நூத்துக்கு ஏழுக்கு மேல போயிடும். டிஸ்க் செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணறான். என் மெஷினும் அப்படித்தான் எண்ணும். பெரியம்மா மெஷின் ஆயிரத்து இருபத்துநாலா எண்ணும். எண்ணட்டும், தப்பில்ல. ஆனா ரெண்டும் பக்கத்துல ஒரே 'ஜி.பி.'ன்னு எழுதி வைக்குது. இருபத்துநாலு கணக்குக்குத் தனியா பேர்கூட வச்சாங்க. கிலோவுக்கு ஒரு கிபி, ஜிகாவுக்கு ஒரு கிபி..."

"ரெண்டும் கிபியா?"

"தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். அதான் யாரும் சீண்டல."

அண்ணி பெட்டியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படித்தாள். "ஒரு ஜி.பி. என்பது நூறு கோடி பைட்." பெட்டியைக் கீழே வைத்தாள். "பாத்தியா தம்பி? அளவுகோல் என்னன்னு செய்யறவன் சொல்லித்தான் இருக்கான். ஒரே துணி. ஒரு கடையில மீட்டர்ல அளக்கறான், இன்னொரு கடையில கஜத்துல அளக்கறான். ரெண்டு பேரும் ரசீதுல வெறும் 'கோல்'னு எழுதித் தந்தா, வாங்கினவன் வீட்டுல போய்ப் பொண்டாட்டியைச் சந்தேகப்படுவான்."

எடிட்டர் திரையில் ஒரு வகுத்தல் போட்டுக் காட்டினாள். இவள் மெஷினில் எழுநூற்றைம்பது என்றால் பெரியம்மா மெஷினில் அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டரை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"முடிஞ்சது கேஸ்!" வெடி கையைத் தட்டினான். "திருட்டே இல்ல. ஐம்பத்தொண்ணு எங்கேயும் போகல. அண்ணி, போய்ச் சொல்லிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம். அண்ணன் இன்னிக்கு அவரே சமைக்கிறேன்னு மிரட்டியிருக்காரு."

எடிட்டர் லேப்டாப் மூடியை மெதுவாகத் தாழ்த்தினாள்.

"இதைச் சொன்னப்பதான் மேனேஜர் டிஸ்க்கைக் காட்டினாங்க. அதே பெரியம்மா மெஷின். அது எழுநூத்தம்பது காட்டுது. நான் சொல்ற கணக்கு சரின்னா அதுவும் அறுநூத்தித் தொண்ணூத்தெட்டுதானே காட்டணும்? ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் காப்பி போடும்போது எதையோ விட்டுட்டேனோன்னு."

வெடி நமுத்துப்போன பட்டாசாக நாற்காலியில் சாய்ந்தான். உண்மைதான். கணக்கு சரியென்றால் மேனேஜர் டிஸ்க் இடிக்கிறது. மேனேஜர் டிஸ்க் சரியென்றால் கணக்கு இடிக்கிறது. விளம்பரத்தில் வந்த காட்சி வேறு கண்ணெதிரே நீந்திக்கொண்டிருக்கிறது. திருட்டு இல்லையென்று எப்படிச் சொல்வது?

"அவரோட டிஸ்க்குக்கு மட்டும் மேலிடத்துல செல்வாக்கு இருக்கும்போல," என்று முனகினான்.

அண்ணி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். வெடிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். தட்டுக்கு அடியில் காந்தம் கண்டுபிடித்த சிரிப்பு.

"எடை குறையற கடையை யார் வேணாலும் பிடிப்பாங்க தம்பி. ஒரு சரக்கை ரெண்டு விதமான தராசுல வச்சும் முள்ளு ஒரே இடத்துல நின்னுச்சுன்னா, அந்தக் கடைக்குள்ளதான் நான் முதல்ல நுழைவேன்." எழுந்தாள். "லேப்டாப்பை எடுத்துக்கோம்மா. உன் பெரியம்மாவைப் பாத்துட்டு வரலாம்."

"நான் வரல. அவங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்."

"முழிக்க வேணாம். மெஷினை மட்டும் திற. முழிக்க வேண்டியவங்க வேற ஆள்."

எடிட்டர் கையை மறுபடி துடைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

முதலாளியம்மா அறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஐந்தாவதாக வெடி கதவில் சாய்ந்து நின்றான். அப்படி நிற்கச் சொன்னது அண்ணி. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. பெரியம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி நீட்டி முழக்கவில்லை. எடிட்டரின் டிஸ்க்கை முதலாளியம்மாவின் மெஷினில் சொருகினாள். அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இந்த நம்பருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு நீளமான நம்பர் இருக்கு பாருங்க. அதைப் படிங்க."

முதலாளியம்மா கண்ணாடியைச் சரிசெய்து, பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "எழுபத்தஞ்சாயிரம் கோடி... பைட்."

அதே டிஸ்க் லேப்டாப்புக்கு மாறியது. எழுநூற்றைம்பது ஜி.பி. அடைப்புக்குறிக்குள் அதே எழுபத்தையாயிரம் கோடி. ஒரு பூஜ்யம்கூட மாறவில்லை.

"பொருள் ஒண்ணுதான். அளவுகோல்தான் வேற," என்றாள் அண்ணி. ஆயிரத்தையும் ஆயிரத்து இருபத்துநாலையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். காலி டிஸ்க்கையும் இரண்டிலும் சொருகிக் காட்டினாள்.

முதலாளியம்மாவின் முகம் வெளுத்தது. "அப்போ... இவ டிஸ்க்ல எதுவுமே குறையலையா?"

"ஒரு நீர்நாயின் மீசை முடி கூடக் குறையல."

"அப்பாடா!" முதலில் எழுந்தவர் மேனேஜர்தான். கையை விரித்து மேடையில் நிற்பவர் போல மலர்ந்தார். "வயித்துல பாலை வார்த்தீங்க! நம்ம பொண்ணு மேல எனக்கு எப்பவுமே நம்பிக்கை உண்டு மேடம். யாரும் எதையும் எடுக்கல. காட்டுல வழிகாட்டின எவனாவது கேமராவுல சுட்டிருப்பான். சேனல்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். எல்லாரும் கிளம்பலாம்."

"கிளம்பலாம் சார்," என்றாள் அண்ணி. "வந்தது வந்தோம், உங்க டிஸ்க்கையும் ஒரு தடவை லேப்டாப்ல சொருகிப் பாத்துடலாமே?"

"எதுக்கு? என்னோடதுதான் அன்னிக்கே சரியா இருந்ததே."

"அதுதான் சார் எனக்கு உறுத்துது."

அந்த நொடியில்தான் வெடியின் மண்டைக்குள் பல்பு எரிந்தது. தலைகீழாக அல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம்! முதலாளியம்மா மெஷினில் உண்மையான டிஸ்க் குறைத்துத்தான் காட்டும். காட்டியே ஆக வேண்டும். அப்படியிருக்க, ஒத்துப்போகக் கூடாத இடத்தில் ஒருவருடைய எண் மட்டும் அச்சாக ஒத்துப்போகிறதென்றால், அது தானாக ஒத்துப்போனதல்ல. யாரோ ஒத்துப்போக வைத்தது!

அவன் கதவில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டான். ஏன் நிற்கச் சொன்னாள் என்று இப்போது புரிந்தது.

மேனேஜர் மறுப்பதற்குள் முதலாளியம்மாவே லாக்கரைத் திறந்து டிஸ்க்கை எடுத்துத் தந்தார். எடிட்டர் அதை லேப்டாப்பில் சொருகினாள்.

எண்ணூற்று ஐந்து.

"எண்ணூத்தஞ்சா?" எடிட்டர் திரையை நோக்கிக் குனிந்தாள். "என்கிட்ட இருந்ததே எழுநூத்தம்பதுதான். அதுல இருந்துதானே காப்பி போட்டோம்?"

"தொட்டுக்கூடப் பாக்கலைன்னு சத்தியம் பண்ணீங்களே சார்," என்றான் வெடி. "தொட்டில்ல கிடக்கிற குழந்தை வளரும், ஒத்துக்கறேன். லாக்கர்ல கிடக்கிற டிஸ்க்குமா வளரும்? என்ன ஊட்டினீங்க?"

மேனேஜரின் நெற்றியில் வியர்வை முளைத்தது. சாயமும் லேசாகக் கீழே இறங்கத் தொடங்கியது. "அது... மெஷின் தானா ஏதாவது சேர்த்திருக்கும். இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமே..."

"என்ன சேர்த்திருக்குன்னு பாத்துடலாம்," என்றாள் அண்ணி. "உன் டிஸ்க்ல இல்லாதது இதுல என்ன இருக்கும்மா?"

எடிட்டரின் விரல்கள் விசைகளில் ஓடின. "ஒரு ஃபோல்டர் இருக்கு. 'நீர்நாய் கூடுதல்'னு பேர். இப்படி ஒண்ணை நான் வைக்கவே இல்ல." இன்னொன்றைத் திறந்தாள். குரல் மாறியது. "வெள்ளக் காட்சி இருக்கிற ஃபோல்டரைக் காணோம். மொத்தமாவே காணோம்!"

"கூடுதலை முதல்ல ஓட விடு."

ஓட விட்டாள். திரையில் ஆறு இல்லை, காடு இல்லை. ஒரு வரவேற்பறை. சுவரெல்லாம் கலர் பல்பு. நடுவே மினுமினுக்கும் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மைக்கோடு, கண்ணை மூடி, ஒரு காதல் பாட்டின் உச்சத்தைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார் மேனேஜர். உச்சம் பிடிபடவில்லை. ஆனாலும் விடாமல் துரத்தினார்.



"இது... நீர்நாயா?" என்று முதலாளியம்மா மெல்லக் கேட்டார்.

"சத்தம் அப்படித்தான் இருக்கு மேடம்," என்றான் வெடி. "ஏதோ வலியில இருக்கு, பாவம்."

அடுத்ததை ஓட விட்டாள். அதிலும் மேனேஜர், வேறு சட்டை. அதற்கடுத்ததில் எதிரொலியோடு. ஃபோல்டர் நிறைய அவர் பாடிக்கொண்டே இருந்தார். நிஜ மேனேஜர் நாற்காலியில் சரிந்து, தன் குரலைத் தானே கேட்க முடியாதவராகக் காதைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துங்க. போதும். சொல்லிடறேன்."

போட்டிக் கம்பெனியில் அவருக்கு இயக்குநர் நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கைநிறைய ஏதாவது கொண்டு வந்தால். இருபது வருடம் அடுத்தவர் படத்துக்கு வண்டியும் சாப்பாடும் ஏற்பாடு செய்தவருக்கு, தன் பெயரைத் திரையில் பார்க்க ஆசை. டிஸ்க்கிலிருந்து வெள்ளக் காட்சியை மட்டும் சின்ன டிரைவுக்கு மாற்றினார். அவசரத்தில் காப்பி எடுப்பதற்குப் பதிலாக வெட்டி எடுத்துவிட்டார். டிரைவும் கை மாறிவிட்டது. டிஸ்க்கில் பள்ளம். விளம்பரம் வந்ததும் முதலாளியம்மா டிஸ்க்கைக் கேட்டார்.

"ஆபீஸ் மெஷின்ல போட்டுப் பாத்தேன். நான் எடுத்ததைவிட ரெண்டு மடங்கு குறையிற மாதிரி காட்டிச்சு. ஏன்னு யோசிக்க நேரமில்ல. எழுநூத்தம்பது வரணும், அவ்வளவுதான் தெரியும். என்கிட்ட இருந்த பெரிய வீடியோ எல்லாம் இதுதான். பேரை மாத்தி, வர்ற வரைக்கும் கொட்டினேன்."

"அப்புறம் இந்தப் பொண்ணோட டிஸ்க் குறைச்சுக் காட்டினப்ப?" அண்ணி கேட்டாள்.

அவர் தலை குனிந்தார். "கடவுளாப் பாத்துக் கொடுத்த வழின்னு நெனச்சேன்."

"ஒரு பிடி அள்ளிட்டு ஒரு கூடை கொட்டியிருக்கீங்க சார். குறைச்சு நிறுக்கறவனைப் பிடிச்சிருக்கேன். திருடின அப்புறம் கூடுதலா எடை போட்டு மாட்டினது நீங்க ஒருத்தர்தான்."

முதலாளியம்மா போனை எடுத்தார். அவர் அழைத்தது முதலில் வக்கீலை, பிறகு சேனலை, பிறகு போலீசை. கடைசி அழைப்பு முடிந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்து மேனேஜரைக் கூட்டிப் போனார்கள். போட்டிக் கம்பெனி விளம்பரத்தை இறக்கியாக வேண்டும் என்று வக்கீல் சொன்னார். முழுப்படமும் எடிட்டரின் டிஸ்க்கில் பத்திரமாக இருந்ததால் சேனல்காரர்களும் சமாதானமானார்கள்.

அப்புறம் எடிட்டர் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"சாப்பிட்டியாடி?" என்று கடைசியில் கேட்டார்.

"ரெண்டு நாளாவா, இன்னிக்கா?"

"ரெண்டு நாளும்தான்."

"இல்ல."

"நானும் இல்ல." முதலாளியம்மா சுழல் நாற்காலியை முன்னால் இழுத்தார். "எனக்கு என்ன தெரியும் சொல்லு. கண்ணுக்கு நேரா எண் குறைஞ்சா நான் என்னன்னு நெனக்கிறது? எண் பொய் சொல்லாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"எண் பொய் சொல்லல பெரியம்மா. என்ன அளவுன்னு நீங்க கேக்கல." எடிட்டர் பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள். இப்போது கண்ணில் இருந்தது கோபம் இல்லை என்று வெடிக்கு நன்றாகத் தெரிந்தது. "நான் பொய் சொல்றேனான்னு தெரியணும்னா, நீங்க எண்ணைப் பாத்திருக்க வேணாம். என்னைப் பாத்திருக்கலாம்."

முதலாளியம்மா சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த சின்ன ஸ்டூலை இழுத்து எடிட்டரின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"திற," என்றார், பையைக் காட்டி. "எங்க விட்டே?"

"முடிவை இன்னும் வெட்டல. ரெண்டு விதமா வச்சிருக்கேன். எதுன்னு தெரியல."

"ரெண்டையும் போடு. பாப்போம்."

எடிட்டர் பையைத் தோளிலிருந்து இறக்கி, ஜிப்பைத் திறந்தாள்.

வெடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய், கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.